அருமைநாதன் கை காட்டினால்

என் தங்கை கத்தரினின் கணவர் அருமைநாதனுக்குப் பொய் சொல்லத் தெரியாது. இதை அவருடைய நற்குணம் என்று நினைத்துச் சொல்லவில்லை. பொய் சொல்லத் தெரிந்தவன் ஒரு பொய்யைச் சொல்லி, அதற்குக் காவலாக இன்னொரு பொய்யை நிறுத்தி, மரியாதையாகத் தப்பியிருப்பான். இவர் பொய்யும் சொல்லாமல் உண்மையும் சொல்லாமல் இருமினார். அந்த ஓர் இருமலால் என் மருமகளின் கலியாணம் குழம்பப் பார்த்தது, போக வேண்டிய ரயில் நின்றது, நிற்க வேண்டிய ரயில் போனது. இடையில் அகப்பட்டு அல்லல்பட்டவன் நான், தேவதாசன். மொன்றியலில் டாக்சி ஓட்டுகிறேன். எனக்குக் கோபம் கொஞ்சம் அதிகம்.

அருமைநாதன் மன்னார்ப் பக்கம். மொன்றியலுக்கு வந்த நாள் தொட்டு சென்ட் லோரன்டில், சரக்கு அடுக்கும் மரத்தட்டுகள் செய்கிற ஒரு பட்டறையில் ஆணி அடித்துக்கொண்டிருந்தார். ஒரு நாள் அங்கே ஆணி அடிக்கிற மெசின் வந்து இறங்கியது. மெசின் தேநீர் குடிக்க வெளியே போகாது என்பதால் அருமைநாதனை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பட்டறைக்குப் பலகை கொண்டுவருகிற ஒருவன்தான், பலகை வருகிற ஊரிலேயே வேலை இருக்கிறது என்று சொன்னான். ஊரின் பெயர் லாக் கோர்போ. காக்கைக் குளம் என்று அர்த்தமாம். வடக்கே, காட்டின் நடுவில் ஒரு மரம் அரியும் ஆலை, அதைச் சுற்றிக் கொஞ்ச வீடுகள், தெப்பனர் என்று இங்கே சொல்கிற பெட்டிக்கடை ஒன்று, எப்போதாவது பாதிரியார் வந்து பூசை வைக்கிற சின்னக் கோவில் ஒன்று, இவ்வளவுதான். சாலை கிடையாது. வெட்டிய மரமும் ரயிலில்தான் போகும், பல்வலிக்காரனும் ரயிலில்தான் போவான்.

ரயில் நிற்கிற இடத்தில் பனி வழிப்பது, பயணிகள் ஒதுங்குகிற கொட்டிலில் அடுப்பு மூட்டுவது, தபால் மூட்டையை இறக்கி ஏற்றுவது, இதுதான் அருமைநாதனின் வேலை. அங்கே தினமும் ரயில் இல்லை. அதனால் மற்ற நேரங்களில் ஆலையில் பலகை அடுக்குவார். இடைக்கிடை விடுமுறை எடுத்து அதே ரயிலில் மொன்றியலுக்கு வந்து, சோறு தின்று, நித்திரை கொண்டு, திரும்பிப் போவார்.

அப்படி வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து எல்லோரும் கோவிலின் கீழ்மண்டபத்தில் கோப்பி குடித்துக்கொண்டிருந்தபோதுதான் அந்த விபத்து நடந்தது.

"அருமை, இப்ப எங்கை வேலை?" என்று ஒருவர் கேட்டார்.

"வடக்கை. றெயில்வேயில."

"றெயில்வேயிலயோ! என்ன, ஸ்டேசன் மாஸ்டரோ?"

அருமைநாதன் இருமினார். கேட்டவர் அதை அடக்கத்தோடு சொன்ன ஓம் என்று எடுத்துக்கொண்டார். எங்கள் சனத்துக்கு ஸ்டேசன் மாஸ்டர் என்றால் சும்மாவா? ஊரில் டாக்குத்தருக்கும் பாதிரியாருக்கும் அடுத்தபடியாகக் கதிரை இழுத்துப் போடுவது அவருக்குத்தான். அடுத்த ஞாயிறு வருவதற்குள் எங்கள் சனம் கூடி வாழ்கிற பார்க் எக்ஸ்டென்சன் முழுக்கச் செய்தி பரவிவிட்டது. தமிழ்க் கடையில் கத்தரினுக்கு நல்ல மீனாக எடுத்து வைக்கத் தொடங்கினார்கள். கோவிலில் புனித அன்னம்மாள் திருநாளில் முன்வரிசையில் இடம் விட்டார்கள். அவளும் சேலைத் தலைப்பைச் சரிசெய்தபடி போய் உட்கார்ந்தாள்.

எனக்குச் சந்தேகம் வந்தது. ஸ்டேசன் மாஸ்டரின் கையில் ஏன் மரச்சிராய் குத்தியிருக்கிறது? ஜான்-டலோன் சந்தையில் இருவரும் தக்காளி பொறுக்கிக்கொண்டிருந்தபோது நேராகவே கேட்டேன்.

"மச்சான், மெய்யே? நீர் ஸ்டேசன் மாஸ்டரோ?"

அவர் இருமினார்.

"என்னட்டை இருமாதேயும்!"

"பனி வழிக்கிறன் மச்சான்," என்றார் மெதுவாக. "கத்தரினுக்குச் சொல்லிப்போடாதேயும். அவள் இப்பதான் கொஞ்சம் சந்தோசமாய் இருக்கிறாள்."

நானும் ஒரு மடையன், சரி என்று தலையாட்டினேன். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் கட்டிக்கொண்ட கதைதான்.

இனிக் கலியாணத்துக்கு வருவோம். அருமைநாதனின் மகள் ஜென்சி சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில் விவசாயம் படித்தாள். அங்கே மாட்டுக்கொட்டிலில் சாணி அள்ளிக்கொண்டிருந்த டெனிஸ்டன் என்ற பொடியனைக் கண்டு, இருவருக்கும் பிடித்துப்போய்விட்டது. சாணிக்கு நடுவில் வந்த காதல் என்பதால் அது உண்மையான காதல்தான் என்று நான் உடனே நம்பினேன். டெனிஸ்டனின் தகப்பன் கிறகரி நம்பவில்லை. பெடியன் தானாகப் பெண் தேடியதா என்று துள்ளினார். துள்ளிக்கொண்டிருந்த மனிதரிடம் யாரோ, பெட்டையின் தகப்பன் ஸ்டேசன் மாஸ்டர் என்று சொல்லியிருக்கிறார்கள். துள்ளல் அப்படியே நின்றது.

ஏனென்றால் கிறகரி தலைமன்னார் ரயில் பாதையில் கார்டாக இருந்தவர். கடைசிப் பெட்டியில் நின்று பச்சைக் கொடி காட்டி ரயிலை அனுப்புகிற உத்தியோகம். சண்டையில் அந்தப் பாதை போய், இவரும் மொன்றியலுக்கு வந்து, ஒரு களஞ்சியத்தில் காவல் இருந்து ஓய்வும் பெற்றுவிட்டார். ஆனால் இன்றைக்கும் வீட்டில் எல்லோரும் காரில் ஏறிய பிறகு கதவுகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் "போகலாம்" என்பார்.

என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். "தம்பி தேவதாசன், எனக்குப் பூரண சம்மதம். றெயில்வேக் குடும்பம் எல்லோ! ஆனா நாள் வைக்கமுதல் ஒருக்கா மாஸ்டரின்ர ஸ்டேசனைப் பாக்கோணும்."

"அது சரியான தூரம் கிறகரி அண்ணை. காடு. கரடி எல்லாம் திரியும்."

"கரடி றெயினுக்குள்ளை வராது," என்று முடித்துவிட்டார். அவருடைய மனைவி றோசா அன்றே பயத்தம் பணியாரத்துக்கு மா வறுக்கத் தொடங்கிவிட்டார். நாங்களும் வருகிறோம் என்று கத்தரின் வேறு குதித்தாள். புருசனின் ஸ்டேசனை அவளும் பார்த்ததில்லை.

நான் லாக் கோர்போவுக்குப் போன் அடித்தேன். அருமைநாதனுக்குப் போன் என்றால் தெப்பனர் கடைக்குத்தான் அடிக்க வேண்டும். கடைக்காரி ஜினெட் அவரைக் கூப்பிட்டு விட்டாள். விசயத்தைச் சொன்னேன். மறுமுனையில் இருமல்கூட வரவில்லை. ஐயோ என்ற ஒரு சத்தத்தோடு போன் கீழே விழுந்தது.

அது இரண்டாயிரத்து ஆறாம் ஆண்டு, ஐப்பசி. கிறகரி, றோசா, கத்தரின், நான், நான்கு பேரும் விடியற்காலையில் ரயில் ஏறினோம். வேட்டைக்காலம் என்பதால் பெட்டி முழுக்கச் செம்மஞ்சள் அங்கி போட்ட வேட்டைக்காரர்கள். சாமான் பெட்டியில் றோசாவின் பலகாரத் தட்டுக்கும் யாரோ ஒருவருடைய தோணிக்கும் இடையில் ஒரு மூஸ் மானின் பின்னங்கால் படுத்திருந்தது. தோணியின் நீட்டிய முனையில் சிவப்புத் துணி கட்டியிருந்தார்கள்.

நகரம் முடிந்து காடு தொடங்கியதும் ரயில் கண்ட இடத்திலெல்லாம் நின்றது. ஸ்டேசன் இல்லை, பெயர்ப்பலகை இல்லை. மரத்தடியிலிருந்து யாராவது கையை ஆட்டுவார்கள், ரயில் நிற்கும், ஏற்றிக்கொண்டு போகும். கிறகரிக்கு முகம் கறுத்துக்கொண்டே வந்தது.

"இதென்ன றெயினோ, மினி பஸ்ஸோ?" என்றார். கத்தரினைக் கொண்டு கண்டக்டரிடம் கேட்பித்தார். கத்தரின் குழந்தைகள் காப்பகத்தில், இங்கத்தைய சொல்லில் கார்டெரியில், வேலை செய்கிறவள். எங்கள் நால்வரில் பிரெஞ்சு ஒழுங்காகத் தெரிந்தது அவளுக்கு மட்டும்தான். எனக்குத் தெரிந்த பிரெஞ்சு இடப்பக்கம், வலப்பக்கம், வந்துவிட்டது, இறங்கு.

கண்டக்டர் பொறுமையாக விளக்கினார். இந்தப் பாதையில் யார் எதை ஆட்டினாலும் ரயில் நிற்கும். கையோ, தொப்பியோ, சட்டையோ, எதுவும் சரி. ஆனால் ஆட்ட வேண்டும். வேட்டைக்காலத்தில் தண்டவாளத்துக்கு அருகில் சும்மா நிற்கிறவனுக்கெல்லாம் நின்றால் கிறிஸ்மஸுக்குத்தான் போய்ச் சேரலாம்.

"கொடி இல்லாததாலதான் இந்தச் சீர்கேடு," என்றார் கிறகரி. தன் பையைத் திறந்து காட்டினார். உள்ளே மடிப்புக் கலையாத ஒரு பச்சைக் கொடி, ஒரு சிவப்புக் கொடி, ஒரு விசில். றோசா புதிதாகத் தைத்துக் கொடுத்தது. "மாஸ்டருக்கு என்ர பரிசு. பச்சைக் கொடி உலகம் முழுக்கப் பச்சைக் கொடிதான் தம்பி."

கண்டக்டர் சொன்னது எனக்குள் சுருக்கென்று குத்தியது. ஆனால் சம்மந்தியாகப் போகிறவரிடம் எப்படிச் சொல்வது?

பின்னேரம் லாக் கோர்போவில் இறங்கினோம். எங்கள் வீட்டுக் குளியலறையைவிடக் கொஞ்சம் பெரிய ஒரு பலகைக் கொட்டில் நின்றது. அன்று காலையில்தான் மஞ்சள் வண்ணம் பூசியிருக்க வேண்டும், கிறகரி சாய்ந்து பார்த்ததும் கோட்டின் ஒரு கை முழுக்க மஞ்சளானது. வாசலில் கோவில் மணியைக் கழற்றிக் கொண்டுவந்து தொங்கவிட்டிருந்தார்கள். ஆலைக்காரர்கள் தலைவாரி வரிசையாக நின்று எங்களுக்குச் சல்யூட் அடித்தார்கள். இதெல்லாம் ஜினெட்டின் ஏற்பாடு என்று பிறகுதான் அறிந்தேன். "நாத்தானின் மகளுக்குக் கலியாணம் நடக்க வேண்டும்" என்று அவள் ஊரையே வேலை வாங்கியிருக்கிறாள். அங்கே எல்லோரும் அவரை நாத்தான் என்றுதான் கூப்பிடுவார்கள்.

நடுவில் அருமைநாதன். தலையில் ஊர்வலத்தில் மேளம் அடிப்பவர்கள் போடுகிற தொப்பி. உச்சியில் பொன்னிறக் குஞ்சம் வேறு ஆடியது.

கத்தரின் கொட்டிலைப் பார்த்தாள், தொப்பியைப் பார்த்தாள், என் காதுக்குள் கேட்டாள். "அண்ணை, ஸ்டேசன் எங்கை? இது ஸ்டேசனின்ர கக்கூஸோ?"

கிறகரியோ தொப்பியைக் கண்டதும் விறைத்து நின்று வணக்கம் வைத்தார். பிறகு பரிசோதனை தொடங்கியது.

"சிக்னல் எங்கை மாஸ்டர்?"

இருமல்.

"டிக்கற் குடுக்கிற இடம்?"

பெரிய இருமல்.

"ஐயோ, குளிர் ஊரில நெஞ்சுச்சளி பிடிச்சிட்டுது போல," என்றார் றோசா. "கொத்தமல்லி அவிச்சுக் குடுக்கோணும்."

ரயில் இன்னும் வடக்கே போக வேண்டியது. தபால் மூட்டை இறங்கிவிட்டது. கிறகரி பையைத் திறந்து பச்சைக் கொடியை எடுத்தார். மடிப்பை ஒவ்வொன்றாகப் பிரித்து உள்ளங்கையால் நீவினார். அந்த நேரத்தில் அந்த மனிதரைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது.

"மாஸ்டர், நீங்கள் மணி அடியுங்கோ. நான் கொடி காட்டுறன்."

அருமைநாதன் கோவில் மணியை அடித்தார். கிறகரி விசில் ஊதிப் பச்சைக் கொடியை வீசினார். ரயில் கொஞ்சம் அசைந்தது. சாரதி கண்ணாடியில் பார்த்திருப்பான்: பின்னால் ஒருவர் துணியை ஆட்டுகிறார். ரயிலை நிறுத்திவிட்டான்.

"ஏன் நிண்டவன்?" கிறகரிக்கு விளங்கவில்லை. இன்னும் பலமாக ஆட்டினார். ரயில் நின்றுகொண்டே இருந்தது. கண்டக்டர் இறங்கி வந்து, ஏறப்போவது யார் என்று கேட்டார். ஒருவரும் ஏறவில்லை. தோளைக் குலுக்கிவிட்டுப் போய் ஏறினார். ரயில் புறப்பட்டது. ரயில் புறப்பட்டால் கார்ட் கொடி காட்ட வேண்டும் அல்லவா? கிறகரி காட்டினார். ரயில் நின்றது. உள்ளே யாருடைய கோப்பியோ சன்னலில் தெறித்தது. சாரதி தலையை வெளியே நீட்டி, கோவிலில் சொல்லக்கூடாத சொற்களாகச் சொன்னான்.

"பச்சைக்கு நிக்கிறான்! இவனுக்கு ஆர் லைசன்ஸ் குடுத்தது?" கிறகரி ஒரு பால்பெட்டியைக் கவிழ்த்து அதன்மேல் ஏறி நின்று இரண்டு கையாலும் கொடியைச் சுழற்றினார். நான் கோட்டைப் பிடித்து இழுத்தேன். "அண்ணை, ஆட்டாதேங்கோ, ஆட்டினால் நிற்பான்!" என்று கத்தினேன். விசில் சத்தத்தில் யாருக்குக் கேட்டது?

கண்டக்டர் மறுபடி இறங்கி வந்தார். இந்த முறை அவர் முகம் பீட்ரூட் நிறம். இங்கே பொறுப்பாளர் யார் என்று பிரெஞ்சில் கேட்டார். கேள்வி கிறகரிக்கு எப்படியோ விளங்கிவிட்டது. பெருமையோடு கையை நீட்டி, "ஸ்டேசன் மாஸ்டர்!" என்றார்.

கண்டக்டர் அருமைநாதனைப் பார்த்தார், குஞ்சத்தைப் பார்த்தார், வயிறு குலுங்கச் சிரித்தார். சிரித்தபடியே ஏதோ நீளமாகச் சொன்னார். கிறகரி கத்தரினிடம் திரும்பினார். "என்ன சொல்லுறான் பிள்ளை?"

கத்தரினின் முகம் வெளிறிப்போயிருந்தது. என்னைப் பார்த்து மெதுவாகக் கேட்டாள். "அண்ணை, அப்பிடியே சொல்லட்டோ?"

"இருமு," என்றேன்.

அவள் இருமவில்லை. எங்கள் குடும்பத்தில் அவள் ஒருத்திதான் நேரானவள். "இஞ்சை ஸ்டேசன் மாஸ்டர் எண்டு ஒருத்தரும் இல்லையாம். இவர் பனி வழிக்கிறவராம். அடுப்பு மூட்டுறவராம். மூட்டை தூக்கிறவராம்," என்று ஒவ்வொரு சொல்லாகச் சொல்லி முடித்தாள்.

அருமைநாதன் தொப்பியைக் கழற்றினார். "ஓம். நான் ஸ்டேசன் மாஸ்டர் இல்லை. ஓம் எண்டு நான் ஒருக்காலும் சொல்லேல்லை. இருமினனான்."

கிறகரி பால்பெட்டியிலிருந்து இறங்கிக் கொடியை மடித்தார். கொடி கீழே இறங்கியதும் ரயில் போய்விட்டது. "பனி வழிக்கிறது எனக்குக் குறைவில்லை," என்றார். "நானும் காவல் வேலை பாத்தவன்தான். ஆனா சம்பந்தம் பேசுற இடத்தில மறைச்சது பிழை. இது சரிவராது. அடுத்த றெயினில நாங்கள் போறம்."

"அடுத்த றெயின் நாளையிண்டைக்கு," என்றார் அருமைநாதன்.

இப்படியொரு கொடுமையை யாரும் அனுபவித்திருக்க மாட்டார்கள். சம்பந்தத்தை முறித்துக்கொண்டு போகிறவர் போக முடியாமல், முறித்த வீட்டுக்காரனோடு ஒரே மேசையில் சாப்பிட வேண்டும். ஜினெட்டின் வீட்டில்தான் எல்லோரும் தங்கினோம். கிறகரி மேசையின் மறு முனைக்குக் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பெண்வீட்டுக்குக் கொண்டுவந்த பணியாரத்தை, இனிக் கொடுப்பதற்கில்லை என்று தானே தின்றுகொண்டிருந்தார். ஆலைக்காரர்களுக்கு நடந்தது சரியாக விளங்கவில்லை. கிறகரி ஏதோ பெரிய ரயில்வே அதிகாரி என்ற எண்ணத்தில், அவர் கழிப்பறைக்குப் போனாலும் இருவர் பின்னால் பையைத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

கத்தரின் புருசனை அடுப்படியில் பிடித்தாள்.

"பனி வழிக்கிறது வெக்கமே? எங்கட வீட்டு வாசலில ஒருக்கா வழியுங்கோ எண்டு நான் எத்தினை வருசம் கெஞ்சியிருப்பன்!"

"அங்கை வழிச்சா ஆர் வந்து ஏறப்போகினம்?" என்றார் அருமைநாதன்.

"பகிடி விடாதேங்கோ! நான் ஊர் முழுக்கத் தலையை நிமித்திக்கொண்டு திரிஞ்சன். நீங்கள் பாத்துக்கொண்டு இருந்தனீங்கள்."

"நீ சந்தோசமாய் இருந்தாய்."

அவள் அழுதாள். அதற்குப் பிறகு அவரோடு ஒரு சொல் பேசவில்லை.

மறுநாள் ஜென்சி கடைக்குப் போன் எடுத்தாள். "மாமா, என்ன மாதிரி? டெனிஸ்டனின்ர அப்பாவுக்கு ஸ்டேசன் பிடிச்சிதோ?"

நான் இருமினேன்.

"அப்பாவின்ர இருமல் உங்களுக்கும் தொத்திட்டுதே," என்றவள் சட்டென்று அடங்கிப்போனாள். "டெனிஸ்டன் தகப்பனை மீறமாட்டான் மாமா. நானும் மீறச் சொல்லமாட்டன்." பிறகு அவள் விசும்புவது மட்டும் கேட்டது. எனக்குக் கோபம் கோபமாக வந்தது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

திரும்புகிற நாள் வந்தது. அருமைநாதன் விடிந்ததும் எழுந்து, கொட்டிலில் அடுப்பு மூட்டி, எங்களை உள்ளே உட்கார வைத்து, பெட்டிகளைத் தண்டவாளத்துக்கு அருகில் கொண்டுபோய் வைத்தார். தெற்கே போகிற ரயிலின் சத்தம் கேட்டது. எல்லோரும் வெளியே வந்தோம். அருமைநாதன் கையைத் தூக்கப் போனார்.

"நீர் கையை மடிச்சுக்கொண்டு நில்லும்!" என்றார் கிறகரி. "நாடகம் காட்டினது காணும். றெயினை நிப்பாட்ட எனக்குத் தெரியும்."

பையிலிருந்து சிவப்புக் கொடியை எடுத்தார். விரித்தார். இரண்டு முனையையும் பிடித்துக்கொண்டு சிலையாக நின்றார்.

"ஆட்டோணும்," என்றார் அருமைநாதன் தயங்கித் தயங்கி.

"சிவப்பை ஆட்டுறேல்லை! பிடிக்கிறது! அதுதான் சட்டம்!"

வேட்டைக்காலம். ஒவ்வொரு வளைவிலும் செம்மஞ்சளும் சிவப்புமாக ஒருவன் நின்று ரயிலை வேடிக்கை பார்க்கிற காலம். சாரதி கிறகரியைப் பார்த்தான். தோணி முனையில் கட்டுகிற சிவப்புத் துணியோடு இன்னொருவன் நிற்கிறான் என்று நினைத்திருப்பான். இரண்டு விரலால் ஒரு வணக்கம் வைத்துவிட்டுப் போய்விட்டான். பெட்டிகள் ஒவ்வொன்றாக எங்கள் முகத்துக்கு முன்னால் ஓடின. கிறகரி அசையவில்லை. கொடி மட்டும் காற்றில் அவர் முகத்தில் அடித்தது.

"இஞ்சருங்கோ, றெயின் போகுது!" றோசா அலறினார். "உங்கட பிரசர்க் குளிசை இண்டையோட முடிஞ்சுது!"

அருமைநாதன் கையைக் கட்டியபடியே நின்று கிறகரியைப் பார்த்தார். அப்போது கத்தரின் வாயைத் திறந்தாள். "நிண்டு பாக்கிறியள்? ஓடுங்கோப்பா!"

அவர் ஓடினார். ஐம்பதை எட்டிய மனிதர், பனிச் சப்பாத்தோடு, தண்டவாளக் கல்லில் தடக்கித் தடக்கி ஓடினார். ஓடிக்கொண்டே கோட்டைக் கழற்றித் தலைக்கு மேல் சுழற்றினார். கோட்டுப் பையிலிருந்து கொட்டிலின் திறப்பு, மூக்குத் துடைக்கிற கைலேஞ்சி, பணியாரம் ஒன்று, எல்லாம் பறந்தன. "நில்! நில்!" என்று தமிழில் கத்தினார். ரயில் வளைவில் திரும்பி மறைந்தது.

காடு அமைதியாக இருந்தது. பிறகு ஒரு கிறீச் சத்தம். அதன் பிறகு, நான் கண்ணால் கண்டதைச் சொல்கிறேன், ரயிலின் கடைசிப் பெட்டி வளைவில் மறுபடி தெரிந்தது. ரயில் பின்பக்கமாக வந்துகொண்டிருந்தது. கடைசிப் பெட்டிக் கதவில் கண்டக்டர் தொங்கியபடி, "நாத்தான்! நாத்தான்!" என்று கத்தினார். அருமைநாதன் அதற்கு முன்னால், கோட்டை மடித்துக் கையில் போட்டுக்கொண்டு, மூச்சிரைக்க நடந்து வந்தார்.

கிறகரியின் கையிலிருந்த கொடி கீழே விழுந்தது.

"ஏறுங்கோ," என்றார் அருமைநாதன். "பிரயாணியை விட்டிட்டு றெயின் போனா, அது என்ர பிழை."

ஏறினோம். அவரே பெட்டிகளைத் தூக்கிக் கொடுத்தார். ரயில் புறப்படும்போது நான் சன்னலால் எட்டிப் பார்த்தேன். அருமைநாதன் இரண்டு கையையும் காற்சட்டைப் பைக்குள் ஆழமாகப் புதைத்துக்கொண்டு நின்றார். முகத்தை மட்டும் கத்தரின் இருந்த சன்னலின் பக்கம் திருப்பினார். ஏன் அப்படி நிற்கிறார் என்று கத்தரின் கண்டக்டரிடம் கேட்டாள். "எப்போதும் அப்படித்தான். கையசைத்து வழியனுப்பினால் ரயில் நின்றுவிடும் அல்லவா?" என்றார். கத்தரின் சன்னலில் நெற்றியை வைத்துக்கொண்டு, கொட்டில் மறைந்த பிறகும் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

இரண்டு ஏரியும் ஒரு பாலமும் கடந்த பிறகு கிறகரி றோசாவிடம் சொன்னார். "என்ர சேவிசில ஜெனரல் மனேஜர் பின்னால நிண்டு கத்தினாலும் றெயின் திரும்பி வந்ததில்லை." இன்னும் ஓர் ஏரி போனது. "அந்த மனிசன்ர பிள்ளையை வேண்டாம் எண்டு சொல்லிப்போட்டு நான் போறன். அவர் என்னை ஏத்திவிட ஓடுறார்." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "தம்பி தேவதாசன், நல்ல நாள் ஒண்டு பாருங்கோ. ஆனா அந்தச் சாரதியைக் கலியாணத்துக்குக் கூப்பிடக்கூடாது."

கலியாணம் அடுத்த வைகாசியில் மொன்றியலில் நடந்தது. ஜினெட்டும் ஆலைக்காரர்களும் பெட்டி பெட்டியாக மேப்பிள் பாகோடு வந்திறங்கினார்கள். அருமைநாதன், கேட்டவர் கேளாதவர் எல்லோரிடமும், "நான் பனி வழிக்கிறனான்" என்று சொல்லிக்கொண்டு திரிந்தார். ஒருவரும் நம்பவில்லை. அடக்கமான மனிதர் என்றார்கள். கிறகரிக்கு அன்று தொண்டை சரியில்லை. விருந்தில் ஒருவர் அவரிடம், "உங்கட சம்மந்திக்குப் பதவி உயர்வாமே, ஜெனரல் மனேஜரோ?" என்று கேட்ட நேரம் பார்த்து, கிறகரிக்கு இருமல் வந்துவிட்டது. அதோடு முடிந்தது. பார்க் எக்ஸ்டென்சனில் இப்போது அருமைநாதன் ஜெனரல் மனேஜர்.

விருந்து முடிந்து பொம்பிளை மாப்பிள்ளையைக் காரில் ஏற்றினோம். கிறகரி கதவுகளைத் தட்டிப் பார்த்து, "போகலாம்" என்றார். டெனிஸ்டன் காரை எடுத்தான். அருமைநாதன் நடைபாதையில் நின்று கையை உயர்த்தி ஆட்டினார். கார் நின்றது. பின்பக்கமாக வந்தது.

ஜென்சி கண்ணாடியை இறக்கினாள். "என்னப்பா?"

"ஒண்டுமில்லை பிள்ளை. சும்மா."

கார் மறுபடி புறப்பட்டது. அவர் கை தானாக மேலே போனது. பின்விளக்கு சிவந்தது, கார் மறுபடி பின்பக்கமாக வந்தது. சுற்றி நின்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஜென்சி இறங்கி ஓடிவந்து தகப்பனைக் கட்டிக்கொண்டாள். அவர் அவளுடைய பூமுடி நசுங்காமல் தலையைத் தடவினார். திரும்பக் கொண்டுபோய்க் காரில் இருத்தினார்.

"இனிக் கையைப் பொக்கற்றுக்குள்ளை வையுங்கோப்பா," என்றாள் கத்தரின். "பிள்ளையள் போகட்டும்."

அருமைநாதன் இரண்டு கையையும் கோட்டுப் பைகளுக்குள் செருகிக்கொண்டார். கார் வீதி முனையில் திரும்பி மறையும் வரைக்கும் அவற்றை வெளியே எடுக்கவேயில்லை.